சால்மன் இழுத்த தூரம்

பாரிஸின் லா சப்பல் பகுதியில் புடவைக்கடை நடத்தும் ரதிதேவி, ஏரிக்கரையில் நின்று பாஸ் மீன் பிடித்தே பழகியவள். பாஸ் கடித்ததும் தூண்டில் தடியைச் சுண்டி இழுத்தால் போதும், கரைக்கு வந்துவிடும். அந்த வசந்தத்தில் சால்மன் மீன் பிடிக்கும் ஆசையில், கணவர் அரியநாயகத்தோடு பிரான்சின் மேற்கே பிரெத்தான் பக்கம் ஓர் ஆற்றுக்குப் போனாள். அங்கே தண்ணீருக்குள் இறங்கி நின்றுதான் தூண்டில் வீச வேண்டும். நீந்தத் தெரியாத அரியநாயகம் கரையில் நின்று, "உள்ளுக்குப் போகாதையும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மீன் கடித்தது. பழக்கதோஷத்தில் ரதிதேவி பலமாக இழுத்தாள். சால்மன் நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாய்ந்தது. நூல் அறுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அதன் பின்னாலேயே போனாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. காலடியில் கற்கள் உருண்டன.

"ரதி, தடியை விட்டிட்டு வாரும்!"

"ஏலாதப்பா, கால் நிக்குதில்லை!"

அரியநாயகம் சப்பாத்துக் காலோடு ஆற்றில் இறங்கினார். ஒரு கையால் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டினார். அவளுக்கு எட்டவில்லை. தடியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, பாய்ந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்தாள்.

இருவரும் கிளையைப் பிடித்துக் கரையேறினார்கள்.

"நான் இழுத்தது பிழை" என்றாள் ரதிதேவி. "ஓட விட்டுப் பிடிச்சிருக்கோணும். அடுத்த முறை பாப்பம்."

"அடுத்த முறையோ?" அரியநாயகம் ஆற்றையே பார்த்தார். பிடித்த கையை இன்னும் விடவில்லை. "அப்ப நான் முதல்ல நீச்சல் பழகோணும்."