இரண்டு கேபிளில் ஒன்று

1

இந்தக் கதை எனக்குக் கெலமங்கலம் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள்: "ரெண்டு கேபிளும் சேந்துதான்க்கா ஒரு ரோடு. ஒண்ணப் புடுங்கினாலும் வண்டி ஓடும். அதான் வெனையே." ஓசூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். மீதியை நான் கட்டினேன். மெஹ்னாஸ் என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

முதல் வரிக்குக் கொஞ்சம் பாடுபட்டேன்.

ஆலைச் சங்கு ஒலித்தபோது மெஹ்னாஸின் நெஞ்சு—

(இப்போது எந்தக் கம்பெனியில் சங்கு ஊதுகிறார்கள்?)

சுவிட்ச் என்பது யாதெனில்—

(பாடப்புத்தகம். நானே படிக்க மாட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்ப்பவள் மெஹ்னாஸ். கான்ட்ராக்ட். இந்த வெள்ளிக்கிழமை பெர்மனென்ட் ஆக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர் கமலக்கண்ணன்.

3

முன்பு ஒரு மெஷினின் கம்ப்யூட்டரில் வந்த வைரஸ் பக்கத்தில் இருந்த எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டது. அதன் பிறகு, மெஷின்களின் கேபிளெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் மெஹ்னாஸ் ஓர் ஏற்பாடு செய்தாள். ஒரே பெட்டியில் செருகியிருந்தாலும் ஒரு மெஷின் அடுத்த மெஷினோடு பேச முடியாது. மேலே சர்வரோடு மட்டும்தான் பேசலாம். சர்வருக்குப் போகும் துளைகளுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

பெட்டியிலிருந்து சர்வருக்கு இரண்டு கேபிள். ஒன்று கூரை வழியாக, இன்னொன்று சுவர் ஓரமாக. இரண்டும் ஒரே பாதையாக நடக்கும்படி கட்டியிருந்தாள். சுமையைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்று போனால் மற்றது தாங்கும்.

(கம்பெனியிலும் இதே ஏற்பாடுதான். பேக்கிங்காரர் நெட்வொர்க்காரரை நேராகக் கேட்கக் கூடாது. கமலக்கண்ணனுக்கு எழுதிப்போட்டால் அவர் அனுப்புவார். இதை வைத்து ஒரு பத்தி உவமை எழுதியிருந்தேன். உங்களுக்கே தெரிகிறது, எடுத்துவிட்டேன்.)

4

வெள்ளைச்சாமி பேக்கிங் சூப்பர்வைசர். சாத்தூர்ப் பக்கம். புதிதாக வந்த லேபிள் பிரிண்டரைப் பெட்டியில் செருகினார். பக்கத்துக் கம்ப்யூட்டர் அனுப்பியது எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. மெஹ்னாஸின் தடை. அது அவருக்குத் தெரியாது. கமலக்கண்ணனுக்கு எழுதிப்போட்டார். அவர் திருப்பதி போயிருந்தார். வெளியே லாரி நின்றது.

பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரே இடத்துக்கு இரண்டு கேபிள்.

"ஒரு ஊருக்கு எதுக்குய்யா ரெண்டு ரோடு?"

கூரைக் கேபிளைப் பிடுங்கி, தடை இல்லாத அந்தத் துளையில் பிரிண்டரைச் செருகினார். லேபிள் வந்தது. லைனும் நிற்கவில்லை.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், அமையவில்லை. முட்டாளாக்கவும் பார்த்தேன். ஆனால் அவர் செய்தது வேலை செய்ததே.)

அடுத்த வாரம் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று சுவரை உரசியதில் மீதிக் கேபிளும் அறுந்தது. பாதி ஷிப்ட் லைன் நின்றது.

"ரெண்டு கேபிள் இருந்தா நிக்காதுன்னு நீதானம்மா சொன்ன?" என்றார் கமலக்கண்ணன். "வெள்ளிக்கெழம மீட்டிங்ல பதில் சொல்லு. எவனாச்சும் கை வச்சிருந்தா பேரு வேணும். இல்லன்னா தப்பு உன்னுது."

5

பெட்டியைத் திறந்ததுமே மெஹ்னாஸுக்குப் புரிந்துவிட்டது: கூரைக் கேபிளின் துளையில் பேக்கிங் பிரிண்டர். கேட் எதிரே டீக்கடையில் வெள்ளைச்சாமியைப் பிடித்தாள்.

"ஏன்ணா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல மாத்திக் குடுத்திருப்பேனே."

"ஒங்கள நேரா கேக்கக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்காகளேம்மா."

"பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னும் போர்டு இருக்குதே?"

"அது இங்கிலீஷ்ல இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"எம்பேரச் சொல்லிரும்மா. நானும் கான்ட்ராக்ட்டுதேன். போனா வேற கம்பெனி."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. அங்க நின்னு சொல்லப் போறவ நான்."

(இங்கே அவள் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. கலங்கவில்லை. டீயைக் குடித்தாள்.)

6

முடிவு ஒன்று: சொல்கிறாள். கையெழுத்து விழுகிறது. பேக்கிங்குக்கு வேறு ஆள் வருகிறார். அவரும் எதற்கும் கமலக்கண்ணனுக்கு எழுதிப்போடுகிறார்.

முடிவு இரண்டு: "தெரியலைங்க சார்" என்கிறாள். தப்பு அவள் தலையில். கான்ட்ராக்ட்டும் எத்தனை நாளோ. வெள்ளைச்சாமி அதற்குப் பிறகு எதுவானாலும் அவளிடம் நேராக வந்து கேட்கிறார்.

மூன்றாவதாக, வெள்ளைச்சாமியே எழுந்து நின்று—

(செய்யக்கூடிய ஆள்தான். ஆனால் அந்த மீட்டிங்குக்கு அவரைக் கூப்பிடவில்லை. பேக்கிங்காரர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை.)

ஆக, இருப்பது இரண்டு. எதைப் பிடுங்கினாலும் கதை ஓடும். வெள்ளைச்சாமியும் அப்படித்தான் நினைத்தார். எனக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை. கமலக்கண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"சொல்லும்மா. யாரு?"

"சார், அது வந்து—"

ஓசூர் வந்துவிட்டது. நானும் இறங்கிக்கொள்கிறேன். அவள் உங்கள் முன் சீட்டில்தான் இருக்கிறாள்.