கேரியரில் பவுல்துரை

சைக்கிள் மறுபடியும் சாய்ந்தது. ஜெபராணி இந்த முறை விழவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டாள். காலையில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டுகிற தெரு அது. நேராக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். மாலையில் ஆள் நடமாட்டமும் குறைவு, எதிர்வீட்டுப் பூங்காவனத்தைத் தவிர.

"இன்னாக்கா, ஒரு கால மெதிச்சிட்டு சும்மா கீற? நாடா போய்ட்டு வரட்டும்னு பாத்துகினு கீறியா?"

ஜெபராணிக்கும் சிரிப்பு வந்தது. பூங்காவனம் சொன்னது சரிதான். தறிக்குழியில் ஒரு பக்கம் மிதித்தால், நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடி முடிகிறவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகுதான் அடுத்த கால். கல்யாணமான நாளிலிருந்து பழகிய பழக்கம். சைக்கிளிலும் கால்கள் மிதித்துவிட்டுக் காத்திருந்தன. சைக்கிள் காத்திருக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது. இந்த சைக்கிள், மகள் கல்யாணமாகி வந்தவாசிக்குப் போனபோது விட்டுச்சென்றது.

எண்பத்தொன்றாம் வருடம் ஆடியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் புருஷன் பவுல்துரைக்கு இடது முட்டி மடங்குவதில்லை. தறியை விட்டு, நூல் சுற்றும் ராட்டைக்கு வந்துவிட்டார். அதுவரை ஞாயிறுதோறும் அவர் சைக்கிள் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போவார்கள். இப்போது அவள் மட்டும் நடந்து போகிறாள். ரிக்‌ஷா வைக்கலாம் என்றால், "கால் போச்சுன்னு ஊருக்குத் தண்டோரா போடணுமா?" என்பார். சர்ச்சில் அந்த வாரம் பிறந்தநாள் உள்ளவர்களை முன்னால் அழைத்துப் போதகர் ஜெபிப்பார். ஐம்பதுக்குத் தனியாகப் போய் நிற்க அவளுக்கு மனமில்லை.

"நீங்க பின்னால குந்தினாத்தான் போவேன்" என்றாள். "இல்லன்னா இந்த வருசம் எனக்கு வயசே ஏறல."

"பொண்டாட்டி பின்னாலயா?"

"இத்தினி வருசமா உங்க முதுகத்தான பாத்துகினு வந்தேன். ஒரு நாளு என் முதுகப் பாருங்க."

அவர் ராட்டையை வேகமாகச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்து ஓய்ந்த பிறகு, சலவை வேட்டியில் வந்து கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்தார். மடங்காத கால் கைகாட்டி மரம்போல் நீட்டிக்கொண்டு நின்றது. பூங்காவனம் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஊர்கோலம் போற சாமி மாதிரி கீறீங்க."

"ஜல்தியா தள்ளும்மா. கும்பல் கூடப் போவுது."

முதல் மிதி கனத்தது. பிறகு கால்கள் தாமாகவே வட்டம் போட்டன. ஐம்பது என்றால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இந்தக் கால்கள் மிதித்த மிதிக்கு எத்தனையோ ஊர் போயிருக்கலாம். குழியை விட்டு ஒரு சாண் நகரவில்லை. சேலைகள்தான் ஊர் ஊராகப் போயின. இன்று ஜவுளிக்கடை பின்னால் போனது. டீக்கடை போனது. கண்ணமங்கலம் பஸ் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"உன் முதுகு நல்லாத்தான் கீது" என்றார் பவுல்துரை.

சர்ச் கேட்டுக்குள் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஓட்டக் கற்றிருந்தாள், திருப்பக் கற்றிருந்தாள். பிரேக் பிடித்தாலும், நிறுத்துவது மட்டும் ஒற்றைக் காலை ஊன்றித்தான். பின்னால் இந்தக் கனத்தோடு ஊன்றினால் இருவரும் மண்ணில் கிடப்பார்கள். அவரால் குதிக்கவும் முடியாது.

"நிறுத்து ஜெபா. வாசல் வந்துட்சி."

"எப்படிங்க நிறுத்துறது? உங்கள வச்சிகினு நிறுத்திப் பாத்ததில்லியே."

சீட் குலுங்கியது. அவர் சிரிக்கிறார். விழுந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

"அப்ப போய்கினே இரு."

சர்ச்சை ஒரு சுற்று சுற்றினாள். உள்ளே பாட்டு முடிந்தது. ஜன்னல் வழியே போதகரின் குரல் வந்தது. "இந்த வாரம் பிறந்தநாள் காண்கிறவர்கள் முன்னால் வரலாம்."

வேப்பமரத்தை ஒட்டி வளைத்தாள். வாய் திறக்க முடியாமல் சிரிப்பு அடைத்தது. கட்டைவிரலால் சைக்கிள் மணியை அழுத்தினாள். ஜன்னல்களில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வெள்ளைச் சுவரில் அவர்களுடைய நிழல், நீட்டிய ஒற்றைக் காலோடு, இன்னொரு முறை மூலை திரும்பியது.