அடுத்தவளின் ஜலதோஷம்

திராட்சைப் பந்தல் மேல் மழை. பந்தலுக்குக் கீழே இன்னொரு மழை, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் பெரிய சொட்டுகளாக.

கம்பம் பள்ளத்தாக்கில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வேன் போனது. உள்ளே ஸ்பீக்கர் பெட்டிகள், டிரம்ஸ், கீபோர்டு, வாத்தியக்காரர்கள். ஜன்னலோரம் தனக்கொடி.

தனக்கொடி மெல்லிசைக் குழுப் பாடகி. திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவள். சினிமாவில் பாடிய பாடகியம்மா எப்படிப் பாடினாரோ அப்படியே. அச்சு அசல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ரெக்கார்டேதான் என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒரு மழைப் பாட்டு. இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில் அந்த அம்மாவின் குரல் லேசாகக் கரகரக்கும். பாட்டுப் பதிவான அன்று அவருக்கு ஜலதோஷம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஜனம் அந்தக் கரகரப்புக்குத்தான் சொக்கிப் போனது. அந்த இடம் வந்ததும் விசில் பறக்கும்.

அந்த அம்மாவுக்கு மறுவாரமே ஜலதோஷம் சரியாகியிருக்கும். தனக்கொடிக்கு இருபது வருஷமாகச் சரியாகவில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் காதர் பின் சீட்டிலிருந்து போனை நீட்டினான்.

"அக்கா, இந்தப் பொம்பளையப் பாருங்க. பங்க்குனு ஒரு இசையாம். டிரம்ஸுக்காக இந்தப் படத்த இறக்குனேன். இது பாடுறதைக் கேட்டா நம்ம ஜெயசீலண்ணன் மேடைய விட்டே தள்ளிருவாரு."

ஆவணப்படம். குளிர் தேசத்துக்காரி. மோர்னா என்று பெயர். உடைந்து பாதியான முன்பல், காதில் ஊக்கு. ஒரு காட்சியில் கிழவியாகி வெங்காயம் நறுக்குகிறாள். மறு காட்சியில் குமரியாகி மேடை அதிரக் குதிக்கிறாள்.

பாட்டா அது? சுருதி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். அடக் கர்மமே, தொண்டை போய்விடுமே என்று தனக்கொடி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

பாடும்போதே மோர்னாவுக்கு இருமல் வந்தது. மைக்கைத் தள்ளிப் பிடிப்பாள் என்று தனக்கொடி காத்திருந்தாள். பாடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மோர்னா மைக்கிலேயே இருமினாள். நன்றாக, நிம்மதியாக, ஊரே கேட்க இருமினாள். இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

படம் எடுத்தவர் அதைப் பற்றிக் கேட்டார். வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது, காதர்?"

"என் இருமல்தானே, யாருகிட்டயும் கடன் வாங்கலையேங்குது."

தனக்கொடி அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். திரும்ப. திரும்ப. வெளியே மழை வலுத்தது.

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வயிறு எரிகிற பொறாமை. அந்தக் குரலைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். அந்த இருமல் மேல்தான் பொறாமை.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். அந்த மகராசி யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. எறிந்த சொந்தக் குரல் எங்கே கிடக்கிறதோ. கந்தையோ பட்டோ, யார் கண்டது?

அந்த மழைப் பாட்டில் ஒரு வரியை ஜலதோஷம் இல்லாமல் பாடிப் பார்த்தாள். தடித்த குரல் ஒன்று நெஞ்சிலிருந்து வந்தது. யாருடையதோ என்று பயந்து நிறுத்தினாள். பிறகு இன்னொரு வரி பாடினாள்.

முன் சீட்டிலிருந்து ஜெயசீலன் திரும்பினார். குழு அவருடையது, கீபோர்டும் அவரே.

"என்ன தனம், தொண்டை சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குண்ணே. அந்தக் கரகரப்பு இல்லாமப் பாடலாம்னு பாக்குறேன்."

"விளையாடாதம்மா. கோயில் கமிட்டி அந்தப் பாட்டுக்குத்தான் நம்மளக் கூப்பிடுது. அந்த இடத்துல விசில் வரலைன்னு வையி, அடுத்த வருஷம் அவங்களுக்கு வேற குழு, எனக்கு வேற பாடகி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காத."

மனிதர் சொன்னால் செய்வார். போன சித்திரையில் தபேலாக்காரரை அப்படித்தான் நிறுத்தினார். தனக்கொடிக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

மழை விட்டபோது திடல் வந்திருந்தது. மாரியம்மன் கோயில் பொங்கல். கோபுரத்தில் எரிந்த சீரியல் விளக்கு, தேங்கிய தண்ணீரிலும் எரிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், துண்டாலும் முந்தானையாலும் நாற்காலிகளைத் துடைத்து உட்கார்ந்தார்கள்.

முதலில் சாமிப் பாட்டு. பிறகு ஒரு டூயட். பிறகு அந்த மழைப் பாட்டு.

பல்லவியில் ரெக்கார்டு மூச்சு வாங்கும் இடம் வந்தது. தனக்கொடி வாங்கவில்லை. தனக்கு வேண்டிய இடத்தில் வாங்கினாள். அம்மாடி, ஊரில் இவ்வளவு காற்றா இருக்கிறது!

இரண்டாம் சரணம். ஆண்கள் பக்கத்தில் விரல்கள் உதட்டை நோக்கிக் கிளம்பின. அந்த இடம் வந்தது. கரகரப்பு வரவில்லை. கனத்த குரல் ஒன்று ஈரத் திடலைக் கடந்து தேர் நிற்கும் தேர்முட்டி வரைக்கும் போனது.

விரல்கள் பாதி வழியில் நின்றன. விசில் இல்லை. ஜெயசீலன் முறைத்தார். காதரின் கை மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

பயமாக இருந்ததா? இருந்தது. ஆனாலும் குரல் ஆடவில்லை.

அந்த இடத்துக்கு ஒரு விசில் வேண்டும். பாட்டுக்கு அது பழகிவிட்டது. தனக்கொடி மைக்கை இடது கைக்கு மாற்றினாள். வலது கையில் இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் கொடுத்தாள். ஆடு மேய்த்த காலத்தில் பழகியது. பொம்பளைப் பிள்ளை விசிலடிக்கலாமா என்று பெற்ற அம்மா சூடு போடாத குறையாக நிறுத்தி வைத்தது.

அடித்தாள் பாருங்கள் ஒரு விசில்!

திடல் வாயைப் பிளந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி குலவை போட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. பிறகு அந்தப் பக்கம் மொத்தமும் குலவை. அம்மனுக்குப் போடுகிற குலவை அது. மேடைப் பாட்டுக்கு அந்த ஊரில் யாரும் போட்டதில்லை.

குலவை அடங்குமுன் தனக்கொடி பல்லவியை மறுபடி எடுத்தாள். ரெக்கார்டின் சுருதியை விட்டுவிட்டுத் தன் நெஞ்சுக்கு எது தோதோ அதில், நன்றாக இறக்கி எடுத்தாள். ஜெயசீலன் பதறிப்போய்க் கீபோர்டில் அந்தச் சுருதியைத் தேடினார்.

"இரு தனம், இரு, இரு" என்று கையைக் காட்டினார்.

அவள் இருக்கவில்லை. பாடிக்கொண்டே போனாள். அவர்தான் தேடிப் பிடித்து வந்து சேர்ந்துகொண்டார்.