தொட்டியின் நடுப்படி

…ஒரு வார்த்தைதானே, வரேன் சார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அதற்குப் போய் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு நர்ஸம்மா அம்மை ஊசிக் குப்பியின் மூடியை நெம்பினாள், பொடியில் நீரை இறக்கினாள், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள், சரி, கரைத்தாயிற்று, இனி மதியத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்டத்தான் வேண்டும். ஆபீஸரும் மதியம் வரைக்கும்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், நல்ல பொருத்தம்… வராந்தாவில் தாய்மார்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், தராசுத் தொட்டிலில் கிடக்கும் ஒன்று ஊசி போடுவதற்கு முன்னாலேயே வீல் வீல் என்று கத்துகிறது, கத்தட்டும், கத்தத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். காலையில் ஜீப் வந்து நின்றது, ஊரில் பாதி அதிலிருந்து இறங்கியது. நேற்று முழுக்க ஊர் வெறிச்சென்று கிடந்ததற்கு எங்கேயோ சாவு போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள், யாரும் அவளிடம் மூச்சு விடவில்லையே. சாவு இல்லை, அவளுக்காகத்தான் மலையிறங்கிப் போயிருக்கிறார்கள். சுகாதார ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்து, எங்கள் நர்ஸம்மாவை மாற்றினால் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம் என்று சாதித்து, சாயங்காலம் ஆபீஸரே வெளியே வந்து, உங்கள் நர்ஸே நாளை மதியத்துக்குள் போன் பண்ணி, இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால் ஆர்டரைக் கிழித்துவிடுகிறேன் என்று சொல்ல வைத்து, ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்கள். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஆர்டர் வந்த சந்தோஷத்தையும் அது போன துக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்டவள் இந்த உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். உங்களுக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்துபோவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்று ரேடியோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இவளும் துடைத்துக்கொண்டாள், அவரவர் அழுகைக்கு அவரவர் காரணம்.

யாரைக் குறை சொல்வது, எல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டியால் வந்த வினை. இந்த மலையில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, மேல்நிலைத் தொட்டியின் நடுப்படி, ஒரு படி ஏறினால் போய்விடும், ஒரு படி இறங்கினால் போய்விடும், கீழே எந்நேரமும் குடத்தோடு நாலு பேர். ஆகவே ஊரில் யார் போனில் என்ன பேசினாலும் பாதிப் பேச்சு எல்லோருக்கும் சொந்தம், மீதிப் பாதியை ஊகித்துக்கொள்ளும் சாமர்த்தியமும் எல்லோருக்கும் உண்டு, அதிலும் ரேடியோ அக்காவுக்குப் பட்டமே அதற்காகத்தான் கொடுத்தது. ஒரு தடவை கடைக்காரர், ஆமாம் முடிஞ்சுது, நல்லபடியா முடிஞ்சுது, ரொம்பக் கஷ்டப்படல என்று பேசிவிட்டு இறங்குவதற்குள் அவர் வீட்டு வாசலில் பெண்கள் ஒப்பாரி வைக்க உட்கார்ந்துவிட்டார்கள், கடைசியில் பார்த்தால் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். சிரித்துச் சிரித்து மாய்ந்தோம் அன்றைக்கு… நானும்தான் சிரித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் குளிர்ப்பெட்டி பழுதாகி மருந்தெல்லாம் வீணாய்ப் போனபோது அதே படியில் நின்று ஆபீஸரிடம் கத்தினாளே, முடிஞ்சா என்னை மாத்துங்க சார், இந்தப் பெட்டியை மாத்த முடியாதுன்னா என்னை மாத்துங்க என்று, அது ஊர் முழுக்கக் கேட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனவள், எனக்கு மாறுதல் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்துவிட்டு வந்தது யாருக்குக் கேட்கும்? ஐஸ் எடுக்கப் போன ஜீப்காரர் காதில் நர்ஸுக்கு ஆர்டர் என்று விழுந்ததும், நம்மளுக்காகச் சண்டை போட்டாங்க, அதுக்குத்தான் தண்டனை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த ஊருக்கு உத்தியோகம் பார்க்க வந்தவர்கள் எல்லோருமே தண்டனைக்கு வந்தவர்கள்தான், போகும்போது யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி பிரியப்பட்டுப் போவாள், ஆனால் சொல்லத் தைரியம் இல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

முதல் பிள்ளை. வலது தோளை இப்படிப் பிடிங்க, அசைய விடாதீங்க… ஆச்சு, ஆச்சு. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான், குத்திய கையை ஒரு கணம் நம்ப முடியாமல் பார்க்கும், அப்புறம் அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தும், இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட மாற்றிச் செய்ததில்லை. அம்மா கழுத்து எது என்று அதுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளுக்குப் பால் மறந்ததும் அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இங்கே வந்தபோது, இரண்டே வருஷம் என்றுதான் சொன்னார்கள், கீழே நல்ல பள்ளிக்கூடம், அவள் அப்பா லாரியில் ஊர் ஊராகப் போகிறவர், வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம், இங்கே கூட்டிவந்து என்ன செய்வது, பிரசவத்துக்கு ஓடும்போது பிள்ளையை எங்கே போடுவது. நாத்தனார் தங்கமானவள், ஒரு குறை சொல்ல முடியாது, சொல்ல முடிந்தால்கூட நன்றாக இருக்கும். இரண்டு வருஷம் நாலாகி, நாலு எட்டாகி… போன லீவில் போயிருந்தபோது தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய வழிய ஓடிவந்தாளே, வாசலில் நான்தான் நின்றேன், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, நர்ஸும் நான்தான், பெற்றவளும் நான்தான், என்னைத் தாண்டிப் போனாள், மோதிவிடக் கூடாதே என்று கொஞ்சம் ஒதுங்கி, ரோட்டில் எதிரே வருகிறவருக்கு வழிவிடுவது போல ஒதுங்கித் தாண்டிப் போய், சமையலறையில் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாத்தனார்தான் பதறிப்போய், அம்மாகிட்ட காட்டுடி, அம்மாவுக்குத்தான் நல்லாத் தெரியும் என்றாள். காட்டினாள், நல்ல பிள்ளை, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, மருந்து போடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு, தாங்க்ஸ்மா என்றாள்.

தாங்க்ஸாம்… அடுத்த பிள்ளையைக் கொடுங்க. இது ஜீப்பில் பிறந்தது, பாலம் உடைந்த அன்றைக்கு, ஆற்றுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி, ஜீப்காரர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அவர் முதுகு நடுங்கியது அவளுக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பாலம் இல்லாத அந்த மழைக்காலம் முழுக்க இந்த ஆட்கள் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கடத்தினார்கள், ஒரு தடவைகூடப் பெட்டி நனையவில்லை, ஒரு தடவை ஆளே வெள்ளத்தோடு போய்விட்டான், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிக்காரரின் தம்பி. மறுநாள் பெட்டி வழக்கமான நேரத்துக்கு வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தொட்டிக்காரர்தான், அழுத முகத்தோடு வந்து, ஐஸ் உருகறதுக்குள்ள உள்ள வைங்க நர்ஸம்மா என்றார். அப்படிப்பட்டவர்கள். இவர்களிடம் போய், நான்தான் கேட்டேன், உங்களை விட்டுப் போகணும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது… பஞ்சை அழுத்திப் பிடிங்கம்மா, தேய்க்காதீங்க. ரேடியோ அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாள், போன் பண்ணிட்டு வந்து மிச்சத்தைப் போடுங்களேன், நேரமாகுதே, அந்த ஆள் வாக்கு மாறிட்டா என்கிறாள். மாறமாட்டார். அவர் மேஜை மேல் அவளுடைய மனு இருக்கிறது. ஊரே வாசலில் உட்கார்ந்தபோது அதை எடுத்துக் காட்டி, பாருங்கய்யா, உங்க நர்ஸம்மா எழுதினதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். மனுஷன் காட்டிக்கொடுக்கவில்லை. குளிர்ப்பெட்டி விஷயத்தில் அவரை என்னவெல்லாம் பேசினேன்…

தொட்டிக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. சும்மா சரிங்க சார் என்று மட்டும் சொன்னால் என்ன, அவர் புரிந்துகொள்ள மாட்டாரா? நீங்க அனுப்பின ஆர்டரே சரி சார் என்று சொல்லலாமா, ஐயோ, ரேடியோ அக்கா அதற்குள் மீதியைக் கட்டிவிடுவாள். எல்லோர் காதும் தீட்டிக்கொண்டு நிற்கும்போது பெற்ற பிள்ளை வேண்டும் என்று எப்படிக் கேட்பது, கேட்க முடியாது, இதுதான் என் தலைவிதி, இந்த ஜனங்கள் அன்பாலேயே கட்டிப்போட்டுக் கொல்லுகிறார்கள் என்று நினைக்க நினைக்க ஒரு பக்கம் கோபம் பொங்கியது, அந்தக் கோபம் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. தொட்டியடியில் குடத்தோடு நாலு பேர் இல்லை, ஊரே நின்றது. ஜீப்காரர், கடைக்காரர், ஊசி போட்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள், எல்லோரும் அவளைப் பார்த்து வழிவிட்டார்கள். படியில் கால் வைக்கும்போது வால்வுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்காரர் முன்னால் வந்தார், இந்தப் படியில் இருபது வருஷமாக எல்லோர் பேச்சையும் கேட்டவர். கூட்டத்தின் பக்கம் திரும்பி, வழக்கமான குரலில், சத்தம்கூடப் போடாமல் சொன்னார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. நேத்து நம்ம பேச வேண்டியதைப் பேசிட்டோம். இன்னைக்கு அவங்க பேசட்டும், நமக்குக் கேக்க வேண்டாம்."

இந்த ஊரில் நடக்கிற காரியமா இது? ரேடியோ அக்கா முதற்கொண்டு ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள், பிள்ளை அழுகிற சத்தம்கூடத் தேய்ந்துபோனது. கடைசியாகத் தொட்டிக்காரர், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தம்பியைப் பறிகொடுத்தவர், போகிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்… நடுப்படியில் அவள் தன்னந்தனியாக நின்றாள். எண்ணை அழுத்தினாள், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், இதற்காகவே காத்திருந்தவர் போல.

"சிஸ்டர், பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?" என்றார்.

"இல்ல சார். யாரும் இல்ல."

"அப்ப மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. நான் ஊர்க்காரங்ககிட்ட சமாளிச்சுக்கறேன், மேலிடத்து உத்தரவு, என் கையில இல்லைன்னு சொல்லிடறேன். நீங்க பொண்ணுகிட்ட வந்து சேருங்க. இதை விட்டா கீழ இருக்கற இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இவ்வளவு நல்லவராக இருந்திருக்க வேண்டியதில்லை அவர். வரேன் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஒத்திகை பார்த்த வார்த்தைதானே, வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் அந்த வீட்டு வாசல் வந்து நின்றது, நீட்டிய இரண்டு கை, மோதிவிடாமல் ஒதுங்கித் தாண்டிப் போகிற பிள்ளை, இனி அது லீவில் ஒரு நாள் இல்லை, தினமும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம், காய்ச்சல் வரும்போதெல்லாம், பெரிய மனுஷி ஆகும்போது, அவள் தாண்டிப் போவாள், நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், நாத்தனார் பதறிப் பதறி அம்மாகிட்ட காட்டுடி என்பாள்… 

"இருக்கேன் சார்," என்றாள். "இங்கயே இருந்துடறேன்."

நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா என்று கேட்டார், ஆமாம் சார் என்றாள், சரி சிஸ்டர் என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், எட்டு வருஷக் காத்திருப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய் அவள் தலையை ஆட்டியதும் யாரோ கையைத் தட்டினார்கள், ரேடியோ அக்கா கட்டிக்கொண்டு குலுங்கினாள், தொட்டிக்காரர் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு குழாயைத் திறக்கப் போனார். மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க, நேரம் இல்ல என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

கடைசிப் பிள்ளை, கொழுகொழுவென்று, சிரிக்கிறது பாவம், என்ன வரப்போகிறது என்று தெரியாமல். இங்க பாரு, இங்க பாரு… ஆச்சு. நம்ப முடியாமல் பார்த்தது, அம்மா கழுத்துக்குள் போனது. சிரிஞ்சை வெட்டிப் போட்டாள், மதியத்துக்குள் குப்பி காலி, ஒரு சொட்டு வீணாகவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரைத் திட்டினாள், தொட்டியை, ஊரை, அன்பை, ரேடியோ அக்காவின் காதை… அவர்கள் போகாமல் படியடியிலேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஊரே நின்றது, நான் என்ன செய்வேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம், படியில் யாருமே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் பண்ண வேண்டும், ஊர் என்னை விடலை கண்ணு என்று சொல்லலாம், கீழே குடத்தோடு நிற்பவர்களுக்கும் கேட்கும், சந்தோஷப்படுவார்கள். மகள் சரிம்மா என்பாள். அந்தச் சரிக்குப் பின்னால் ஏமாற்றம் இருக்குமா, அப்பாடா என்று இருக்குமா… பாதிப் பேச்சைக் கேட்டு மீதியைச் சொல்லிவிடுகிற ஊரில் எட்டு வருஷம் குப்பை கொட்டியும் அவளுக்கு அது ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை, பஞ்சுச் சுருளை எடுத்து அலமாரியில் வைத்தாள், குளிர்ப்பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.