மாசக் கடைசி மிச்சம்

என் நாத்தனாருக்கு மாசக் கடைசி என்றால் என்னவென்றே தெரியாது. அவள் வீட்டில் எல்லா நாளும் ஒன்றாம் தேதிதான். ஆனால் சிக்கனத்தைப் பற்றி ஊருக்கே பாடம் எடுப்பாள். ஃபோனை ஒரு குச்சியில் மாட்டி முன்னால் வைத்துக்கொண்டு, "வணக்கம் சகோதரிகளே, கையைக் கடிக்காம குடும்பம் நடத்துறது எப்படி?" என்று அவள் ஆரம்பித்தால் பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் வீட்டுச் சமையலறையில் பளிங்குக் கல்லில் முகம் பார்க்கலாம். அங்கே நின்றுகொண்டு சோப்புத் துண்டை ஒட்டவைத்துக் காட்டினால் யார் நம்புவார்கள்? அதனால் என் வீட்டுக்கு வந்தாள். கணவரின் அக்காவை வராதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அவளைப் பார்த்தாலே இவருக்கு வாயெல்லாம் பல். "அக்கா வந்திருக்கு, டீ போடு" என்றார். டப்பாவில் டீத்தூள் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர், தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அவள் என்னைக் கேட்காமல் என் இழுப்பறைகளைத் திறந்தாள். கத்தரித்துப் பிளந்த பற்பசைக் குழாயை எடுத்து, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினாள். "ஐயோ, இது சூப்பரா இருக்கே!" என்று அதை ஃபோனுக்கு முன்னால் ஆட்டினாள். பிறகு என்னையே செய்யச் சொன்னாள். செய்தேன். கரைந்துபோன சோப்புச் சில்லைப் புது சோப்பின் முதுகில் அழுத்தி ஒட்டினேன். அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் மீதியை அந்தச் சூட்டிலேயே வேகவிட்டேன். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்பை நீளவாக்கில் கிழித்து, உறுதியான ஓரங்கள் நடுவில் வரும்படி மாற்றித் தைத்திருந்ததை விரித்துக் காட்டினேன். பையனுக்கு ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி நுனியில் பழந்துணி அடைத்திருந்ததையும் காட்டினேன். அவன் வெட்கப்பட்டு ஷூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அதையும் அவள் படம் எடுத்தாள்.

கடைசியில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு பாத்துப் பாத்துச் செலவு பண்றியே, மாசக் கடைசியில கையில ஏதாச்சும் நிக்குமா?"

கல்யாணமான புதிதில் என் பெட்டியைத் திறந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டாளே, அதே கண்ணால் பார்த்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவள் முன்னால் இல்லை என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"மிச்சமே ஆகும்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடுபடுத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தாள். டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஓட்டல்களிலிருந்து விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்ப்பதுதான் என் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே மாதிரி இழுத்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் இழுத்தாலும், கொஞ்சம் தளர்த்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு சுருங்கும். அதனால் எதிரில் நிற்கிறவளின் கை நமக்கு மனப்பாடம். என் எதிரில் நிற்பவளை நான் ஜோடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டிருந்தோம். முதலில் பேச்சை எடுத்தவள் நான். முதலாளியும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார்.

யோசித்து முடித்துவிட்டு அவர் வந்தபோது கையில் ஃபோன் இருந்தது. உருளைகளை நிறுத்தச் சொல்லி எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"என் சம்சாரம் இதைக் காட்டினா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க ஆளே சொல்றா, கேளுங்க."

என் சமையலறை. என் பற்பசைக் குழாய். என் பையனின் ஷூ. கூடம் முழுக்கக் கேட்கும்படி என் குரல்: "மிச்சமே ஆகும்கா."

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி. "கெட்டிக்காரத்தனமா நடத்தினா இந்தச் சம்பளமே தாராளம். உங்களுக்கு இல்லாதது பணம் இல்லம்மா, புத்தி. இவகிட்ட கத்துக்குங்க." என் முதுகில் தட்டிக்கொடுக்காத குறையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உருளைகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஜோடிக்காரி விரிப்பின் முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். என் விரல் உருளையில் பட்டுச் சுட்டது.

"பாத்துப் பிடிடி!"

"உனக்கென்னம்மா, மிச்சம் ஆகுது. மருந்து வாங்கிப் போட்டுக்கோ" என்றாள். "போறப்ப எங்களுக்கும் அந்த மிச்சத்துல கொஞ்சம் கொடுத்துட்டுப் போ. என் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்."

அன்று மத்தியானம் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. தொழிற்கூடத்தில் முதலாளி திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவர் பாராட்டிவிட்டுப் போனால் நம் ஆட்களிடம் உயிர் தப்புவது கஷ்டம்.

நாத்தனாருக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, அந்த வீடியோவை எடுத்துடுங்க. அதைக் காட்டிச் சம்பள உயர்வு இல்லன்னுட்டாரு எங்க முதலாளி."

"எடுக்கிறதா? என்னடி பேசற, எப்படி ஓடுது தெரியுமா? உன்னால நாலு பேருக்கு நல்லது நடக்குதுன்னு சந்தோஷப்படு. வர்ற ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல லைவ் வச்சிருக்கேன், பிள்ளைங்க படிப்புச் செலவு பத்தி. அப்புறம், நல்ல துணியா உடுத்தாத. அந்தக் கிழிஞ்சதையே உடுத்து. பாக்க நல்லா இருக்கும்."

இவரிடம் சொன்னேன். "அக்கா ஏதோ ஆசைப்படுது, விடேன்" என்றார். கட்டிய பெண்டாட்டியை நாலு பேர் கரித்துக்கொட்டினாலும் அக்காவின் ஆசை நிறைவேற வேண்டும் இவருக்கு. அப்போதுதான் நான் முடிவெடுத்தேன். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் என்னிடம் இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்தியிருந்தேன். அவள் முகம் சுளித்தாள், ஆனால் லைவ் தொடங்கிவிட்டது. இவர் வாசற்படியில் சாய்ந்து நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை நான் வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

"சகோதரிகளே, போன தடவை நீங்க பாத்த அதே தங்கச்சி! இன்னிக்கும் டிப்ஸ் சொல்லப் போறா. சொல்லும்மா."

"போன தடவை முக்கியமான ஒண்ணை விட்டுட்டேங்க" என்றேன். "சோப்புல என்ன பெருசா மிச்சம் பிடிச்சிட முடியும்? வயித்துலதான் பிடிக்கணும். நான் காலையில சாப்பிடறதில்ல. வேலைக்குப் போய்ச் சாப்பிட்டுக்கறேன்னு வீட்டுல சொல்லுவேன். வீட்டுலயே சாப்பிட்டாச்சுன்னு வேலையில சொல்லுவேன். ரெண்டு பக்கமும் நம்பிடுவாங்க. யாரும் கேட்டது கிடையாது."

நாத்தனார் கலகலவென்று சிரித்தாள். "ஓ, டயட்டா! உடம்புக்கும் நல்லதுதானே."

"டயட் இல்லக்கா. பசி."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நான் ஃபோனுக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்து காட்டினேன். "இந்தப் பல்லு சொத்தை. பிடுங்கணும். செலவாகும்னு வலப்பக்கமாவே மென்னுக்கிட்டிருக்கேன், ரொம்ப நாளா. இதுவும் ஒரு டிப்ஸ்தான், குறிச்சுக்கங்க. மாசக் கடைசியில மிச்சம் ஆகும்னு சொன்னேன்ல? பொய். கடைசி வாரம் இந்த வீட்டுல எண்ணெயே இருக்காது. இந்த அக்கா முன்னால தலை குனியக் கூடாதுன்னு சொன்ன பொய் அது. முதலாளி வீட்டம்மா, நீங்களும் பாக்கறீங்கதானே? உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இதையும் காட்டுங்க."

நாத்தனார் ஃபோனைப் பிடுங்க வந்தாள். நான் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஈர விரிப்பைப் பிடித்து இழுக்கிற கை இது. அவள் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரையைத் தட்டி அணைத்தாள்.

"என் மானத்தை வாங்கிட்டியேடி!"

"உங்க மானமா? காட்டினது என் வாயை" என்றேன்.

அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எதைச் சொல்லணும்? உங்க கண்ணு முன்னாலதானே தினமும் மூணு தட்டு வச்சேன்? இந்த வீட்டுல நாலு பேர் இருக்கோம்னு எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் திரும்பி, அடுக்கி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தார்.

மறுநாள் காலை உருளைக்குப் போனேன். ஜோடிக்காரி எதிரில் வந்து நின்றாள். விரிப்பை எடுத்தாள், ஆனால் உருளைக்குள் கொடுக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"பாத்தேன்" என்றாள். அப்புறம், என்னைப் பார்க்காமல், "நானும்தான்டி. வீட்டுல சாப்பிட்டுட்டேன்னு உங்கிட்ட தினமும் சொல்லுவேன்ல" என்றாள்.

பக்கத்து உருளைக்காரி திரும்பிப் பார்த்தாள். மடிப்பு மேசையில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒருத்தியிடம் ஒருத்தி பொய் சொல்லிக்கொண்டு, யாருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம்!

ஜோடிக்காரி போய் உருளையின் சுவிட்சை அணைத்தாள். மற்றவர்களும் அணைத்தார்கள்.

வாசலில் ஓட்டல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி ஓடி வந்தார். ஈர விரிப்புகள் மலையாகக் கிடப்பதைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"என்ன நாடகம் இது? மிச்சம் ஆகுதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்" என்றேன். "சம்பளம் ஏறினா உருளை ஓடும். இல்லன்னா ஓட்டல்காரங்க ஈரத்துலயே படுத்துக்கட்டும். சூடு இல்லாமக் காயவைக்க உங்க சம்சாரத்துக்கு ஏதாச்சும் டிப்ஸ் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க."

கத்தினார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஒருத்தியும் நகரவில்லை. ஹாரன் விடாமல் அடித்தது. கேட்டதில் பாதிக்குத்தான் இறங்கி வந்தார். அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. பாதியென்றாலும் வாங்கிக்கொண்டோம். மீதியை விட்டுவிட்டதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை.

புதுச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் காலை நாத்தனார் கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

"நடந்ததை மனசுல வச்சுக்காத. அந்த லைவ் இருக்கே, என் சேனல்லயே அதுதான் அதிகமா ஓடுது! எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. இன்னொண்ணு எடுக்கலாமா? நீ அழுதாக்கூடப் பரவாயில்ல."

"வாங்கக்கா" என்றேன். "தாராளமா வாங்க. ஆனா இந்தத் தடவை உங்க வீட்டு இழுப்பறையைத் திறந்து காட்டுவோம். துடைச்சு வைங்க, வந்துடறேன்."

பட்டென்று வைத்துவிட்டாள்.

சமையலறைக்குத் திரும்பினேன். இவர் நாலு தட்டு எடுத்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்கும் தனக்கும் போடாமல், முதல் தட்டில் சோற்றையும் ஒரு முட்டையையும் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, நான் கை வைப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு நேரமாகிவிட்டது, உருளை காத்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, வலப்பக்கமாக மென்று சாப்பிட்டேன்.