அல்லியின் மூன்றாவது குட்டி

இந்த ஆண்டு மறுமதிப்பீட்டுக்காக எனக்கு ஒதுக்கப்பட்ட தாய்க்குதிரைகளில் நான்காவது என் அம்மா. பெயர் அல்லி. பற்களின்படி வயது இருபத்திரண்டு. எனக்கு முப்பத்தெட்டு. பற்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி.

உறவினரை மதிப்பிடக் கூடாது என்று எங்கள் துறையில் விதி இல்லை. இருந்தால் இந்த மாவட்டத்தில் ஒருவரும் வேலை பார்க்க முடியாது. படிவத்தின் ஓரத்தில் ‘மகன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

மதிப்பெண் நூறு. வம்சத்துக்கு நாற்பது, ஈன்ற குட்டிகளுக்கு முப்பது, உடலமைப்புக்கு முப்பது. அறுபது வந்தால் குதிரை பண்ணையிலேயே இருக்கும். குறைந்தால் மலைமேல் ஏரிக்கரைக்குச் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கும் சவாரிக்குப் போய்விடும். அம்மாவின் இடது முன்முழங்கால் அந்தச் சரிவுகளைத் தாங்காது. ஏரிக்கரை லாரி காலையிலேயே வந்து வாசலில் நின்றது. அது வெறுமனே திரும்புவதில்லை.

பண்ணை மேலாளர் அர்த்தநாரி வம்சப் பதிவேட்டை விரித்தார். அம்மாவைப் பெற்றவள் கஸ்தூரி, கஸ்தூரியைப் பெற்றவள் பவளம். இருவரும் பேர் எடுத்தவர்கள். தகப்பன் வழியில் நான்காம் தலைமுறையில் ஒரு பெயர் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. பெயர் தெரியாத முன்னோருக்கு மதிப்பெண் கிடையாது. இருபத்தேழு போட்டேன்.

உடலமைப்பில், தோள் சாய்வு நன்றாக இருந்தது. இடுப்பு அகலம், குட்டி ஈனத் தோதானது. முதுகு தொய்ந்திருந்தது. மூன்று பிள்ளை சுமந்த முதுகு தொய்யத்தான் செய்யும். ஆனால் காரணத்துக்கு மதிப்பெண் தரும் கட்டம் படிவத்தில் இல்லை. பதினைந்து என்று எழுதினேன். முழங்காலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோது அம்மா என் சட்டைப்பையை முகர்ந்தாள். மதிப்பீட்டாளரின் பையை முகர்வது குணக்குறை. அதற்கு அரை மதிப்பெண் போகும். பையில் வெல்லம் இருந்தது. அரையைக் குறைத்துவிட்டு வெல்லத்தைக் கொடுத்தேன்.

குட்டிகளில் மூத்தவள் ஊட்டியில் இரண்டு பந்தயம் ஜெயித்தவள். ஏழு. இரண்டாமவன் போலீஸ் குதிரை. அணிவகுப்பில் பாண்டு வாத்தியத்துக்கு மிரள்கிறான். ஐந்து. மூன்றாவது நான். ‘பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘அரசுப் பணி, நிரந்தரம்’ என்று எழுதினேன்.

தனக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது என்ற விதி உண்டு. அர்த்தநாரி பேனாவை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல் ஒன்றை நான் அடைத்திருப்பதைக் குறித்துக்கொண்டார். பிறகு மைதானத்தில் இரண்டு சுற்று ஓடச் சொன்னார். ஓடினேன். அம்மா வேலியோரம் வந்து நின்று பார்த்தாள்.

“தலையைத் தூக்கி ஓடியிருக்கலாமுங்க சார். உக்காந்த வேலை இல்லீங்களா, பின்பக்கம் கனத்துப்போச்சு” என்றார். ஆறு போட்டார்.

கூட்டிப் பார்த்தோம். ஐம்பத்தொன்பதரை.

குணத்தில் போன அரையைத் திருப்பிப் போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தநாரி மெதுவாகச் சொன்னார். அம்மாவின் உதட்டில் இன்னும் வெல்லம் ஒட்டியிருப்பதைக் காட்டினேன். அவரும் ஒப்புக்கொண்டு, விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பேரக்குட்டி பிசகாமல் மூன்று தட்டுப் பாய்ச்சலில் ஓடினால் அரை மதிப்பெண் உண்டு.

வீட்டுக்குப் போன் செய்து என் மனைவி பூங்கொடியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“செருப்போடயா, வெறுங்கால்லயா?” என்று மட்டும் கேட்டாள்.

வெறுங்கால் என்றேன். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் நறுமுகை கூடத்தில் ஓடினாள். அர்த்தநாரி போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். மூன்று மூன்று தட்டாக வந்தது.

“சுத்தமுங்க” என்று சொல்லி அரை போட்டார்.

அம்மா பண்ணையிலேயே இருக்கலாம். லாயத்துக் கதவில் அவள் பெயர்ப்பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினார்கள்.

அர்த்தநாரி படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினார். ஏழுக்குக் குறைவாக வாங்கிய குட்டி அன்றைக்குப் பண்ணை எல்லைக்குள் இருந்தால் ஏரிக்கரைக்கு அனுப்ப வேண்டும்.

“உங்க அண்ணன் போலீஸ் லைன்ல இருக்கறதால தப்பிச்சாருங்க” என்றார்.

அந்த உத்தரவுக்கும் மதிப்பீட்டாளரின் ஒப்பம் தேவை. கையெழுத்திட்டேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பூங்கொடிக்குச் சொன்னேன். அம்மா மறுபடி என் சட்டைப்பையை முகர்ந்தாள். படிவம் முடிந்துவிட்டதால் எதையும் குறைக்க வேண்டியிருக்கவில்லை. பையில் ஒன்றும் இல்லை.

லாரியின் பின்கதவில் பலகை சாய்த்திருந்தார்கள். ஏறினேன். டிரைவர் கொக்கியை மாட்டிவிட்டு என் முதுகை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“ஒரு ஆள் தாங்குவீங்களா, ரெண்டு ஆளுங்களா?”

“குழந்தைகள்னா ரெண்டு பேர்” என்றேன்.