கடைசிப் பக்கத்துச் செருப்புகள்

சென்னைக் கண்காட்சிக்காக ஒரே ஓவிய நோட்டில் ஆளுக்கொரு பக்கம் வரையச் சொல்லியிருந்தாள், சிவகாசி அச்சக முதலாளி மகள் சுகிர்தா. தலைப்பு ‘ஒளி’. முதல் பக்கத்தை அவள் அப்பா லட்சுமிகாந்தத்தின் வாழ்த்துரையும் சால்வை போட்ட படமும் அடைத்துக்கொண்டன. அவருடைய பட்டாசு ஆலைப் பெண்கள் புஸ்வாணமும் சங்குசக்கரமுமாக வரைந்து தள்ளினார்கள்.

கடைசிப் பக்கத்தில் சண்முகத்தாய், வெடிமருந்து அறைக்கு வெளியே கழற்றிப் போட்ட நாலு ஜோடிச் செருப்பை வரைந்தாள். வெடிவிபத்தன்று உள்ளே இருந்தது யார் யாரென்று அவற்றை வைத்துத்தான் ஊர் தெரிந்துகொண்டது. ஊக்கு குத்திய ஜோடி, அவள் தங்கை எழிலுடையது.

“அக்கா, இதுல ஒளி எங்க இருக்கு? ஓரமா ஒரு மத்தாப்பாவது போடுங்களேன்” என்றாள் சுகிர்தா.

“அம்புட்டு வெளிச்சத்தையும் அன்னைக்கே பாத்தாச்சும்மா. அவ மொகத்தக்கூட எங்களுக்குக் காட்டல. இந்தச் செருப்பாவது இருக்கட்டும்.”

“மொதலாளி படத்துல மட்டும் ஒளி இருக்காக்கும்?” என்று முணுமுணுத்தாள் பக்கத்திலிருந்த மாரிசெல்வி. “ஓ, வழுக்கையில மின்னுதோ!”

சுகிர்தா அந்தத் தாளைக் கிழிக்கப் பிடித்தாள். அச்சகத்தில் வளர்ந்த கை, பாதியில் நின்றது. நடுவில் மடித்துத் தைத்த நோட்டு அது. கடைசித் தாளை உருவினால், அதன் மறுபாதியான முதல் தாளும் அப்பாவோடு கழன்று வந்துவிடும்.

நோட்டு அப்படியே சென்னைக்குப் போனது, ஒரு முனையில் சால்வையும் மறுமுனையில் செருப்புமாக.